முடுக்கி மெஷினுக்குள் சுத்தியல் குடியேறிய கதை

மனிதர்களோடு கருவிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பேட்டரியில் ஓடும் முடுக்கி மெஷின் மட்டும் பேசாது. ரம்பம் கத்தும், உளி முணுமுணுக்கும், சுத்தியல் ஊரைக் கூட்டும். முடுக்கியோ விசையை அழுத்தினால் சத்தமில்லாமல் சுற்றி ஸ்க்ரூவை இறக்கும், விரலை எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான்.

அதன் உடம்பும் அப்போது வேறு மாதிரி இருந்தது. வயிற்றிலிருந்த மோட்டாரிலிருந்து வாயில் செருகிய பிட் எனும் திருகுமுனை வரைக்கும் ஒரே தண்டு. ஸ்க்ரூ லேசாக இறங்கும்வரை தொல்லையில்லை. பாதியில் இறுகி நின்றுவிட்டால், மெஷின் போட்ட முறுக்கு ஸ்க்ரூவுக்குள் போகாமல், பிடித்திருப்பவர் கைக்கே திரும்பி வரும்.

கடற்கரையில் ஓர் உப்புக் கிட்டங்கி இருந்தது. அதற்குத் தகரக் கூரை போடும் வேலையைச் சவரிராயன் மேஸ்திரி எடுத்திருந்தார். தகரத்தைத் தாங்கக் கிடந்தவை எல்லாம் பனங்கைகள், வைரம் பாய்ந்த முற்றல் பனை. மழை இறங்குவதற்குள் கூரை மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே குவித்திருக்கும் உப்பு கரைந்து ஓடிவிடும். முதலில் வந்த இரண்டு பேர் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவதாகக் கூரை ஏறியவள் பிரகாசி.

அவள் கை ஒழுங்கான கை. பிட் மாற்றுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுவாள். விரல் தெரியாமல் விசையில் பட்டாலும் மெஷின் சுற்றக் கூடாது. முனை தேய்ந்த பிட்டைத் தொடமாட்டாள். ஸ்க்ரூவின் தலையில் பிட்டை நேராக நிறுத்தி, மெல்ல அழுத்தித் தொடங்கி, நுனி மரத்தைக் கவ்விய பிறகுதான் வேகம் கொடுப்பாள். வேலை முடிந்ததும் மெஷினின் காற்று ஓட்டைகளில் அடைந்த தூசியை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுவாள். சூடான பேட்டரியை நிழலில் ஆறவைத்தே சார்ஜரில் போடுவாள். முடுக்கிக்கு அவளைப் பிடித்திருந்தது. சொன்னதுதான் இல்லை.

சவரிராயனிடம் ஒரு சட்டம் இருந்தது. வலிக்கிறது என்று வாய் திறந்த ஆளுக்கு மறுநாள் வேலை கிடையாது.

அன்று மதியம் பனங்கையில் ஒரு ஸ்க்ரூ பாதி இறங்கி நின்றது. மெஷின் திமிறிப் பிரகாசியின் மணிக்கட்டைச் சுண்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கை என்ன நின்னுட்டு?" என்று கீழே நிழலிலிருந்து கேட்டார் மேஸ்திரி.

"பனங்கை கல்லாக் கெடக்குண்ணே. மெஷினு கையைத் திருப்புது. முதல்ல ஒரு ஓட்டை போட்டுக்கிடுதேன்."

"ஓட்டை போட்டு, பொறவு ஸ்க்ரூ போட்டு, அடுத்த வருச மழைக்கு முடிப்பியாக்கும்? மெஷினு மூச்சு விடாம சுத்துது. அதுக்கில்லாத கஷ்டம் உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"ஏறி வந்து பிடிச்சுப் பாருங்களேன்."

"நான் ஏறினா நீ எதுக்கு?"

ஆனாலும் ஏணியில் பாதிவரை ஏறிவந்தார். கையை நீட்டி மெஷினிலிருந்த பேட்டரியை உருவினார். அது கொதித்தது. கீழே கொண்டுபோய் அப்படியே சார்ஜரில் செருகினார்.

"வெயில்ல வேகவச்சுட்டு வாயில சோத்தையும் திணிக்கீரா?" என்று சீறியது பேட்டரி. "ஆறட்டும். அதுவரைக்கும் ஒரு வாய் இறங்காது." சார்ஜரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மேஸ்திரி அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். விளக்கு மாறவில்லை.

"இதுக்கும் வாய் நீண்டுபோச்சு! ஏட்டி, வேற பேட்டரியை மாட்டு. அந்த ஸ்க்ரூ இறங்கலன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்."

பிரகாசி மாட்டினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. இன்னொரு முறை திருகினால் மூட்டு நழுவிவிடும். பிறகு இந்த வேலை மட்டுமில்லை, எந்த வேலைக்கும் அந்தக் கை உதவாது. அது அவளுக்கும் தெரியும், முடுக்கிக்கும் தெரியும்.

அவள் இடுப்புப் பையில் பிடி கழன்ற சுத்தியல் தலை ஒன்று கிடந்தது. தகர ஓரத்தைத் தட்டி மடக்க வைத்திருந்தாள். அது பைக்குள்ளிருந்து முடுக்கியைக் கேலி செய்தது.

"நல்ல பிள்ளைடே நீ! சத்தம் காட்டாம சத்தம் காட்டாம அவ கையைத் தின்னுட்டே. நீ ஒரு வார்த்தை கத்தியிருந்தா, வேலை கஷ்டம்னு அந்த ஆளு காதுல விழுந்திருக்கும்லா?"

அப்போதுதான் முடுக்கி முதல்முறையாகப் பேசியது.

"தாயி, பேட்டரியைக் கழத்திட்டு என்னைக் கீழ வை."

மெஷின் பிரகாசியின் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "நீ பேசுவியா?"

"இன்னைக்குப் பேசுதேன். சுத்தியலே, உனக்குப் பிடி இல்லை, எனக்குக் கத்தக் குரல் இல்லை. உள்ள வந்துரு."

"எடம் எங்க இருக்கு? ஒரே தண்டுல்லா நெட்டுக்குக் கெடக்கு!"

"அதைத்தான் முறிக்கப் போறேன்."

மேஸ்திரி கீழேயிருந்து கூவினார். "ஏய்! என் மெஷினு! முறிச்சுக்கிட்டா யாருக்கு நட்டம்?"

"முறியப்போறது என் தண்டு. நீரு ஏன் பதறுதீரு?" என்றது முடுக்கி. "வலிக்குன்னு சொல்லக்கூடாது, அம்புட்டுத்தானே? சொல்லல. செஞ்சு காட்டுதேன்."

பிரகாசி பேட்டரியைக் கழற்றி மெஷினைக் கீழே வைத்தாள். தண்டு நடுவில் முறிந்தது. பின்பாதி மோட்டாரோடு நின்றது, முன்பாதி பிட்டோடு நின்றது. சுத்தியல் தலை பையிலிருந்து குதித்து நடுவில் போய் உட்கார்ந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் முட்டுக்கொடுத்தது.

பிரகாசி பேட்டரியை மாட்டி, பிட்டை அதே ஸ்க்ரூவில் நேராக வைத்து, மெல்ல விசையை அழுத்தினாள். ஸ்க்ரூ அசையவில்லை. உடனே சுத்தியல் பின்வாங்கி, சுற்றும் வாக்கிலேயே ஓங்கி முன்பாதியை அடித்தது.

டகடகடகடகடக!

அடி முழுவதும் ஸ்க்ரூவுக்குப் போனது. அவள் மணிக்கட்டு இருந்த இடத்தில் இருந்தது. ஸ்க்ரூ பனங்கைக்குள் இறங்கியது. கூரையிலிருந்த காகங்கள் கலைந்தன. பக்கத்து உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பனங்கையிலயா ஏத்துதா அவ?" என்று ஒருவர் கேட்டார். "மேஸ்திரி நிழல்ல நிக்காரு பாரேன்!" என்றாள் இன்னொருத்தி. அளமே சிரித்தது.

சவரிராயன் காதைப் பொத்தினார். "நிறுத்து! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும்," என்றது முடுக்கி. "லேசான வேலைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். கஷ்டம்னா கத்துவேன். காது வலிச்சாப் பஞ்சு வச்சுக்கிடும்." பிறகு பிரகாசியிடம் குரலைத் தணித்தது. "ஸ்க்ரூ தலைக்கடியில இருக்க ரப்பர் வாஷர் தகரத்துல படிஞ்சதும் விரலை எடுத்திரு தாயி. அதுக்கு மேலயும் அழுத்தினா ஸ்க்ரூ தலை போயிரும். அது என் குத்தமில்ல."

அவள் விரலை எடுத்தாள். அடுத்த ஸ்க்ரூவுக்கு நகர்ந்தாள். மாலையில் கூரை மூடியது, இரவு மழை வந்தது. உப்பு நனையவில்லை. மறுநாள் பிரகாசி வேலைக்கு வந்தபோது, வரவேண்டாம் என்று சொல்ல மேஸ்திரி வாயைத் திறந்தார். ஓரத்தில் பாக்கியிருந்த, பனங்கையில் இறுகி நின்ற ஒரு ஸ்க்ரூவில் பிட்டை வைத்து அவள் விசையை அழுத்தினாள். அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

முறித்த தண்டை முடுக்கி மெஷின் திரும்ப ஒட்டவைத்துக்கொள்ளவே இல்லை. அன்று தொடங்கித்தான் அது லேசாக இறங்கும் ஸ்க்ரூவுக்குச் சத்தமில்லாமல் சுற்றுகிறது. இறுகி நிற்கும் ஸ்க்ரூவுக்கு நாலு தெரு கேட்கத் தட்டுகிறது, எந்த மேஸ்திரி அதட்டினாலும் அடங்குவதில்லை.