ஏழடுக்கு மாளிகையின் முதல் குடி

முன்னொரு காலத்தில் சுறவப்பட்டினம் என்ற கடற்கரை நாட்டைக் கடம்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மனசு தங்கம்தான், ஆனால் ஓரிடத்தில் நிற்காத மனசு. காலையில் யானைப் பந்தயம் வேண்டும் என்பான், மத்தியானம் யானையே வேண்டாம் என்பான்.

அங்கே கடலோரத்தில் நாற்பது மீனவர் குடிசைகள். கடலுக்கும் குடிசைக்கும் நடுவே பெரிய மணல்மேடு, அதன்மேல் அடர்ந்த தாழம்புதர். அரண்மனைக்குக் கருவாடு கொண்டுபோகும் வலம்புரியாள் அந்தக் குப்பத்துக்காரி. சாப்பிடும்போதெல்லாம் ராஜா, "இந்த ராஜ்யத்தில் உருப்படியாக வேலை செய்கிறவள் இவள் ஒருத்திதான்!" என்பான். பக்கத்தில் நிற்கும் மாளிகை அதிகாரி கற்பகராயனுக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருநாள் அவன் மெல்ல ஆரம்பித்தான். "பிரபு, கடற்கரையில் குடிசைகளா? உங்கள் பெருமைக்கே குறைச்சல். மணல்மேட்டை வெட்டித் தள்ளிவிட்டு, சுவரோடு சுவர் ஒட்டி ஏழடுக்கு மாளிகைகள் எழுப்புவோம். ஆயிரம் குடும்பத்தைக் குடிவைக்கலாம். வருகிற கப்பல்காரன் எல்லாம் வாயைப் பிளப்பான்!"

ராஜா துள்ளிக் குதித்தான். "நாளைக்கே கடப்பாரையை எடு!"

சேதி வலம்புரியாளின் காதுக்கும் எட்டியது. ஏழு வருஷத்துக்கு முந்தைய புயலில் கூடப்பிறந்த அக்காவைப் பறிகொடுத்தவள் அவள். மிச்சப்பேர் பிழைத்தது அந்த மணல்மேட்டால்தான். குப்பத்தையே திரட்டிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள்.

"மகாராஜா, புயல் வந்தால்..." என்றாள்.

"புயல் வந்தால்..." என்றார் அடுத்தவர். நாற்பது வீட்டாரும் அதையே சொன்னார்கள். ராஜா காதைப் பொத்திக்கொண்டான். கற்பகராயன் குனிந்து ஏதோ ஓதினான்.

"சரி!" என்றான் ராஜா. "நாளைக்குச் சபையில் உங்கள் வழக்கைச் சொல்லுங்கள். ஆனால் 'புயல்' என்ற சொல் யார் வாயில் வந்தாலும் அந்த இடத்திலேயே மொட்டை! யாராயிருந்தாலும் சரி!"

அன்று முழுக்க வலம்புரியாளுக்குச் சோறு இறங்கவில்லை. மீனைச் சொல்லாமல் மீன் விற்க முடியுமா? யோசித்து யோசித்து, கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் சபை கூடியது. நாவிதர் கத்தியோடு தயாராக நின்றார்.

"மகாராஜா, எங்களுக்கு முழுச் சம்மதம்," என்றாள் வலம்புரியாள்.

கற்பகராயன் மீசையை முறுக்கினான்.

"ஒரே ஒரு ஆசைங்க. யோசனை சொன்ன பெரியவர்தானே முதல் குடியாகப் போகணும்? ஏழாவது அடுக்கு அவருக்கே. நல்ல நாளும் பார்த்துட்டோம். கார்த்திகை அமாவாசை. ஒரு மண்டலம் அங்கேயே தங்கணும்."

"ஆகா, பொருத்தமான ஆசை!" என்றான் ராஜா.

கற்பகராயனின் கை மீசையிலிருந்து நழுவியது. "எனக்கு முழங்கால் வலி, பிரபு. ஏழு மாடி ஏற முடியாதே!"

"பல்லக்கில் தூக்கிக்கொண்டு போய் வைக்கிறோம், சாமி."

"என் மனைவி தனியாக இருப்பாளே!"

"அம்மாவும் கூட வரட்டும். மாமியாரையும் கூட்டி வாங்க."

"சித்திரையில் போகிறேனே..."

"கார்த்திகையில்தான் போகிறாய்!" என்று ராஜா தொடையைத் தட்டினான். "மோதிர முத்திரை வைத்த ஆணை!"

கற்பகராயன் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தான்.

"பிரபு, என்னைக் கொன்றுவிடாதீர்கள்! கார்த்திகையில் புயல் அடிக்குமே! மேட்டையும் வெட்டிவிட்டால் அலை நேரே வந்து நடுவீட்டில் உட்காருமே! ஆயிரம் குடும்பம் ஒரே சந்தில் எப்படித் தப்பி ஓடும்? நசுங்கியே சாவோமே!"

நாவிதர் கத்தியைத் தீட்டினார்.

"நாங்க சொல்ல வந்ததை எங்களைவிடத் தெளிவாச் சொல்லிட்டார், மகாராஜா," என்றாள் வலம்புரியாள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் முகம் வாடியது. "இவ்வளவும் தெரிந்தா ஆயிரம் குடும்பத்தை அங்கே அடைக்கப் பார்த்தாய்? நானும் தலையை ஆட்டினேனே!"

கற்பகராயனின் தலைமுடி சபையிலேயே உதிர்ந்தது. ராஜா வலம்புரியாளைப் பார்த்து, "என்ன வேண்டும், கேள்!" என்றான்.

"மேட்டை யாரும் தொடக்கூடாது. ஊருக்கு உள்ளே, பாறைமேல் எங்களுக்கு ஒரு கல்மண்டபம் வேணும். ஆபத்துக்கு ஒதுங்க."

கற்பகராயனே வெயிலில் நின்று, மொட்டைத்தலை பளபளக்க, அந்த மண்டபத்தைக் கட்டி முடித்தான்.

கார்த்திகையும் வந்தது, புயலும் வந்தது. மேகம் கறுத்ததுமே நாற்பது குடும்பமும் கோழி, குஞ்சு, சட்டி பானையோடு மண்டபத்துக்குள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ராஜாவுக்கு ஓர் ஆசை: 'புயலை நேரில் பார்த்தால் என்ன?' கற்பகராயனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில் பல்லக்கின் கூரை பறந்தது. பின்னாலேயே கிரீடமும் பறந்தது. தொப்பலாக நனைந்து, கற்பகராயனின் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் வந்து நின்றான்.

உள்ளே எள் போட்டால் எண்ணெய் வழியும் கூட்டம்.

வலம்புரியாள் நிமிர்ந்து பார்த்தாள். மடியிலிருந்த கோழியை ஓரமாக மாற்றிவைத்தாள்.

"வாங்க மகாராஜா. கொஞ்சம் ஒடுங்கி உட்காருங்க, யோசனை சொன்ன பெரியவருக்கும் இடம் வேணும்."