எல்லாக் கட்டத்திலும் பவழமல்லி

கொடுக்காம்பூரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கல்யாணத் தகவல் நிலையம் நடத்தினார்கள். முதலாளி தாண்டவமூர்த்தி. அவருக்கு உதவி எத்திராஜும் பிச்சாண்டியும். சொன்னதை அப்படியே செய்வார்கள் என்று மூவருக்கும் பெயர். அந்தப் பெயரால் பாதிக்கப்பட்டவர்கள் பக்கத்து ஊர்களிலும் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை சௌந்தரி அங்கே போய் நின்றாள். வயது முப்பத்தேழு. போன மாதம் இதே இடத்தில் விண்ணப்பங்களைப் புரட்டியபோது, யாரோ ஒருவர் ஏதோ ஒரு கட்டத்தில் 'பவழமல்லி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். சம்பளமும் காருமாக நிறைந்திருந்த தாள்களுக்கு நடுவே அந்த ஒரு சொல். கூச்சத்தில் தாளை மூடிவிட்டாள். ஆளின் பெயர் மறந்துபோயிற்று. சொல் மட்டும் உதிராமல் நின்றது. இன்று நாலு மணிக்கு அண்ணன் பார்த்த மாப்பிள்ளை வருகிறார். அதற்குள் இந்த மனிதரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

"அந்தத் தாளையெல்லாம் கொஞ்சம் எடுங்க சார்."

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா," என்றார் தாண்டவமூர்த்தி. "கரையான் அரிச்சுடுமேன்னு தாளை எரிச்சுட்டோம்."

"அப்ப அதுல 'பவழமல்லி'ன்னு தேடுங்க. ஊர்ப் பேரோ, வீட்டுப் பேரோ, தெரியல. எல்லாக் கட்டத்துலயும் பாருங்க."

மூவரும் அரை மணி நேரம் தேடிவிட்டு, துக்கம் விசாரிக்கும் முகத்தோடு திரும்பினார்கள்.

"இல்லம்மா," என்றான் எத்திராஜ். "பேரும் பவழமல்லி, அப்பா பேரும் பவழமல்லி, உயரமும் பவழமல்லின்னு எல்லாக் கட்டத்துலயும் இருக்கற மாப்பிள்ளை ஒருத்தர்கூட இல்ல."

சௌந்தரி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்துலயும் வேண்டாம். ஏதாவது ஒரு கட்டத்துல இருந்தாப் போதும்."

எந்த ஒரு கட்டம் என்று மூவரும் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். 'எடை' வந்தது.

"எடையில பவழமல்லி இல்லம்மா," என்றான் பிச்சாண்டி.

"எடையில எப்படிய்யா இருக்கும்?"

"நீங்கதானே ஏதாவது ஒண்ணுன்னீங்க?"

மணி பன்னிரண்டு. அவளுக்கு அழுகை முட்டியது. "எந்தக் கட்டத்துல தேடினாலும் சரி, எனக்குப் பவழமல்லி கிடைக்கணும்!"

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் தாண்டவமூர்த்தி.

பிச்சாண்டி உட்கார்ந்தான். நானூற்றுப் பன்னிரண்டு மாப்பிள்ளைகளுக்கும், எல்லாக் கட்டங்களிலும் 'பவழமல்லி' என்று ஏற்றினான். கைபேசி எண் கட்டம் மட்டும் எழுத்தை வாங்க மறுத்தது. பிறகு தேடினான். எங்கே தேடினாலும் கிடைத்தது. மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

விவரம் மாறினால் உரியவருக்குத் தானாகச் செய்தி போகும்படி யாரோ அந்தக் கணினியை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். போன் அலற ஆரம்பித்தது. எல்லாமே தப்பு என்று ஒவ்வொருவரும் கத்தினார்கள். நேரில் வந்த ஒருவர் மட்டும் கத்தவில்லை. காதோரம் நரைத்த, ஒல்லியான மனிதர்.

"என் பேரு அறவாழி. பேரு, ஊரு, நட்சத்திரம், எல்லாம் மாறியிருக்கு. பொழுதுபோக்கு மட்டும் சரியா இருக்கு."

சௌந்தரி சட்டென்று நிமிர்ந்தாள்.

"பவழமல்லி எப்படி சார் பொழுதுபோக்கு?" என்றான் எத்திராஜ்.

"விடியறப்ப உதிர்ந்து கிடக்கும். குனிஞ்சு பொறுக்குவேன். அவ்வளவுதான்."

"எங்க வீட்ல ஒரு மரம் இருக்கு," என்றாள் சௌந்தரி. "பொறுக்கத்தான் ஆளில்ல. இன்னிக்கு நாலு மணிக்குள்ள எங்க அண்ணன்கிட்ட வந்து பேச முடியுமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அம்மா, யோசிங்க!" தாண்டவமூர்த்தி வாசல்வரை ஓடினார். "மத்தவங்களுக்கு எல்லாக் கட்டத்துலயும் பவழமல்லி. இவருக்கு ஒண்ணே ஒண்ணுதான்னு இவரே ஒத்துக்கறாரு!"

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூவரும் கடமைக்குத் திரும்பினார்கள். நிச்சயமானதைப் பதிய வேண்டுமே.

"எந்தப் பவழமல்லிக்கு நிச்சயமாச்சு?" என்றான் பிச்சாண்டி.

நெடுநேரம் விவாதித்தார்கள். "ஒருத்தரை விட்டாலும் மனசு நோகும்," என்று தாண்டவமூர்த்தி தீர்ப்புச் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் செய்தி பறந்தது: 'வாழ்த்துகள்! உங்களுக்கு மணமகள் அமைந்துவிட்டார். பெயர் சௌந்தரி. முகவரி கீழே.'

நாலு மணிக்கு ஒரே ஒரு மாப்பிள்ளைக்காகக் கேசரி கிளறிவைத்திருந்த சௌந்தரியின் அண்ணி, வாசல் கதவைத் திறந்தாள். தெருக்கோடிவரை மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவள் உள்ளே திரும்பி, "என்னங்க," என்று கணவனைக் கூப்பிட்டாள், "இன்னும் கொஞ்சம் ரவை வாங்கிட்டு வந்துடுங்க."