மஞ்சள் துணியும் வேப்பங்கொத்தும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் ஊர் நர்ஸ் ஆரோக்கியமேரி. என் கடைக்குட்டிக்கு ஒன்றரை வயசு ஊசி போட்ட அன்று சொன்னாள். பிள்ளை வீறிட்டதைப் பார்த்து நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேரையும் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஆண்டவன் புண்ணியத்தில் கல்யாணமே ஆகிவிட்டது. கதை மட்டும் மறக்கவில்லை.

செங்குளம் என்று ஒரு சின்னச் சீமை. அதற்குத் திருவேங்கட பூபதி என்று ஒரு ராஜா. நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சுத்தான் அவருக்கு வேதம்.

பக்கத்துச் சீமையில் பெரியம்மை கண்டு குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த நேரம் அது. சின்னத்தம்பி வைத்தியர் ஊரூராய்ப் போய், நோய் வராமல் தடுக்க ஊசியால் அம்மை குத்தும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார். ராஜாவே முதலில் கை நீட்டினார். பிறகு தெருத்தெருவாகக் குத்திக்கொண்டே போனதில் பாதி ஊர் முடிந்தது.

தளவாய் விசயரங்கனுக்கு வயிறு எரிந்தது. ராஜாவுக்குப் பக்கத்தில் அவர் உட்காரும் இடத்தில் இப்போது வைத்தியர் அல்லவா உட்காருகிறார்! தளவாய் ஒரு காரியம் செய்தார். "ஊசி குத்திக்கொண்டு நோவு கண்டவர்கள் எல்லோரும் அரண்மனைக்கு வரலாம்!" என்று தண்டோரா போட்டுவிட்டார்.

கேட்க வேண்டுமா? சபை நிறைந்துவிட்டது.

"மகராசா, குத்திக்கொண்ட நாளிலிருந்து முழங்கால் வலி!"

"எனக்கு முடி கொட்டுது சாமி!"

"என் எருமை பால் குறைஞ்சு போச்சு!"

"எருமைக்குமா குத்தினார்கள்?" என்றார் ராஜா.

"இல்லைங்க, எனக்குத்தான் குத்தினாங்க!"

ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "மகராசா, என் மாமியார் ஊசி குத்திக்கிட்டதிலேர்ந்து என்னைத் திட்டறதே இல்லை. பயமா இருக்கு!"

ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "போதும்! ஊசியை நிறுத்துங்கள். வைத்தியர் ஊரைவிட்டுக் கிளம்பட்டும்!"

சபையில் விகடம் பேசும் மருதவாணனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. வைத்தியர் அவனுடைய சிநேகிதர். அது மட்டுமா? அவன் தெருவுக்கு ஊசி இன்னும் வரவில்லை. வீட்டில் மூன்று வயசுச் செங்கமலம் இருக்கிறாள். இன்றைக்கு ஊசி நின்றால் நாளைக்கு அம்மை வாசலில் வந்து நிற்கும்.

"மகராசா, வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள். உண்மையைக் காட்டுகிறேன்" என்றான்.

"காட்டு. ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நீயும் திறக்கக் கூடாது!"

"உத்தரவு. மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தண்டோரா."

தண்டோரா போனது. "அம்மை குத்திக்கொண்ட வீட்டில் மஞ்சள் துணி கட்டணும்! இந்த மாசம் எந்த நோவு கண்ட வீடானாலும், ஊசி குத்தினாலும் குத்தாவிட்டாலும், வேப்பங்கொத்து கட்டணும்! இது ராஜாங்க உத்தரவு!"

வெள்ளிக்கிழமை ராஜாவும் தளவாயும் வைத்தியரும் அரண்மனைக் கோபுரத்தில் ஏறினார்கள். மருதவாணன் உதட்டை இறுக்கிக்கொண்டு மேற்கே விரலை நீட்டினான்.

"மஞ்சள் துணி ஆடுகிறது. அங்கங்கே வேப்பங்கொத்தும் இருக்கிறது. நான் சொல்லவில்லையா?" என்று குதித்தார் தளவாய்.

மருதவாணன் விரல் கிழக்கே திரும்பியது. அங்கே ஊசியே போகவில்லை. ஒரு மஞ்சள் துணி கிடையாது. வேப்பங்கொத்தோ அதே மாதிரி அங்கங்கே தொங்கியது!

ராஜா கண்ணைக் கசக்கினார். "அட! குத்தாத வீட்டிலும் முழங்கால் வலிக்கத்தான் செய்கிறதா? அதோ, யானைக்குப் போடும் தழை மாதிரி இத்தனை பெரிய கொத்து! யார் வீடு அது?"

"என் வீடுதான். சம்பந்தி வீட்டு விருந்து... வயிறு..." என்று இழுத்தார் தளவாய். அவர்தான் ஊசிக்குக் கையே நீட்டாதவர் ஆயிற்றே!

வைத்தியர் முகம் மலர்ந்தது. மருதவாணன் அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் இன்னொரு தெரு அவன் கண்ணை உறுத்தியது. காட்டினால் சிநேகிதருக்கு ஆபத்து. காட்டாவிட்டால்? நாளைக்கு அதே ஊசிக்குத்தானே செங்கமலம் கையை நீட்டப்போகிறாள்! சாமியை நினைத்துக்கொண்டு விரலை நீட்டினான்.

தளவாயின் சொந்தக்காரர்கள் குடியிருக்கும் தெரு அது. அங்கே மஞ்சள் துணி கட்டிய வாசலில் எல்லாம் வேப்பங்கொத்தும் இருந்தது. ஒரு வாசல் தப்பவில்லை.

வைத்தியர் முகம் வெளுத்தது. "அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை. என் மைத்துனன் பஞ்சவர்ணத்தை அனுப்பினேன்."

பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார்கள். "எல்லாத் தெருவிலும் மச்சான் ஊசியை நெருப்பில் காட்டித்தான் குத்துவார். இவங்க பெரிய இடம். கரி பிடிச்ச ஊசியை எப்படி நீட்டறது? மரியாதையா இருக்கட்டும்னு பன்னீரில் முக்கிக் குத்தினேன்."

"எந்தப் பன்னீர்?"

"போன கல்யாணத்தில் மிஞ்சினது."

அந்தத் தெருவுக்கு வைத்தியர் பறந்தார். வீங்கிப் புண்ணான கைகளுக்கு மருந்து கட்டினார். எல்லாம் ஆறின. பன்னீர்ச் செம்பு குப்பைக்குப் போனது. ஊசி கிழக்குத் தெருக்களுக்குப் போனது. செங்கமலம் ஊரே கேட்க அழுதுவிட்டு, ஒரு வெல்லக்கட்டியில் சமாதானம் ஆனாள்.

ராஜாவுக்குப் பன்னீரை நினைத்து நினைத்துச் சிரிப்பு அடங்கவில்லை. "சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது! இனி எப்போதும் துணியும் கொத்தும் கட்டட்டும். வாராவாரம் நானே ஏறிப் பார்க்கிறேன். ஒரு வாசல்கூட விட்டுப்போகக் கூடாது! நீ வாயைத் திறக்கலாம் மருதவாணா."

மறுநாள் காலையில் அரண்மனை வாசலில் ஒரே கூச்சல். ராணி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். மஞ்சள் துணிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வேப்பங்கொத்து!

"யாருக்கு என்ன? யார் கட்டினது?" என்று பதறினார் ராஜா.

"நான்தான் மகராசா" என்று கைகட்டி நின்றான் மருதவாணன். "சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று நேற்றுத் தாங்கள்தானே சொன்னீர்கள்? ஒரு வாசல்கூட விட்டுப்போகக் கூடாதே!"

ராஜாவுக்கு வயிற்று வலி இன்னும் அதிகமாகிவிட்டது. முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டு, அந்தக் கொத்து இன்று முழுக்க அங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார்.

கேட்டவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஊசி போட்ட பிறகு பிள்ளைக்கு எது வந்தாலும், சின்னதோ பெரிசோ, நர்சம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.