கறுப்புக் காசும் மூணாவது தேய்ப்பும்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி, மேகமெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி மலையடிவாரத்துல மேய்ஞ்ச காலத்துல, பனிநாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. அந்த நாட்டு அரண்மனையில கொன்றைன்னு ஒருத்தி பாத்திரம் தேய்ச்சா. புளி போட்டு ஒரு தேய்ப்பு, சாம்பல் போட்டு ஒரு தேய்ப்பு, பளபளப்புக்கு ஒரு தேய்ப்பு. எப்பவும் மூணு.

அவளுக்கு அண்ணனும் மூணு பேர். பொறையன், ஆழியன், குட்டன். தேன் எடுக்க வெள்ளிமலைக்குப் போனவங்க மூணு வருஷமா வரல. ஒருநாள் ஒரு மைனா வந்து, "மாயாவி அவங்களை வெள்ளிக்காசா மாத்திட்டான்"னு சொல்லிட்டுப் பறந்துடுச்சு. கொன்றை புளியையும் சாம்பலையும் தேங்காய் நாரையும் மூட்டை கட்டினா. வேற ஆயுதம் அவகிட்ட கிடையாது. மலை ஏறின கதை நமக்கு வேண்டாம், நீளம். ஏறிட்டா.

மேலே ஒரு சுனை. தண்ணி பாடிக்கிட்டே தூங்கிச்சு. கரையில மாயாவி. அவன் முகம் கண்ணாடியா மின்னிச்சு. புருவம் இல்ல, ஒரு சுருக்கம்கூட இல்ல. உள்ளங்கையில மூணு காசு, மூணும் கரிக்கட்டை மாதிரி கறுப்பு.

"எந்தக் காசு எந்த அண்ணன்னு பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடு, வருவான். தப்பாக் கூப்பிட்டா காசு சுனைக்குள்ள போயிடும். வெயில் சாயுறவரைக்கும்தான் நேரம்."

"முகமே தெரியலையே!"

"தேய்ச்சுப் பாரேன். உன் தொழில்தானே?"

கொன்றை முதல் காசை எடுத்தா. புளி போட்டா, கறுப்பு கழண்டுச்சு. சாம்பல் போட்டா, புருவத்துல அரிவாள் தழும்பு தெரிஞ்சுது. பெரியண்ணன்! அங்கேயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. பழகின கை, மூணாவது தேய்ப்பையும் தேய்ச்சுடுச்சு. தழும்பு போயிடுச்சு.

"பொறையண்ணே!"

பனி சுழன்றுச்சு. பொறையன் நின்னான், முகம் பளபளன்னு. அவளைத் தாண்டிப் போய் மாயாவி முன்னாடி குனிஞ்சான்.

"என்ன வேலை, எசமான்?"

"அண்ணே, நான் கொன்றை!"

"எந்தக் கொன்றை?"

மாயாவி விழுந்து விழுந்து சிரிச்சான். "அது அழுக்குன்னா நினைச்சே? மூணு வருஷமா உன்னை நினைச்சு நினைச்சுப் படிஞ்ச ஞாபகம் அது. மினுங்குறவன் எனக்கு வேலைக்காரன். ம், அடுத்ததை எடு."

வெயில் மலை விளிம்புல உக்காந்திருந்துச்சு. ரெண்டு காசு மிச்சம். தேய்ச்சா முகம் தெரியும், ஆனா அண்ணன் அவளை மறந்துடுவான். தேய்க்கலைன்னா எவன்னே தெரியாது. லேசா, புளி மட்டும் போடலாமா? கை நாரைத் தேடிப் போச்சு. எவ்வளவு தேய்ச்சா எவ்வளவு போகும்னு யாருக்குத் தெரியும்? அவ நாரைத் தள்ளி வெச்சா. காசைச் சுனைக்கரை ஈரமண்ணுல அழுத்தி எடுத்தா. மண்ணுல ஒரு முகம் பதிஞ்சுது, முறம் மாதிரி ரெண்டு காதோட.

"ஆழியண்ணே!"

கறுத்த முகத்தோட ஆழியன் குதிச்சான். "ஏன்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

மூணாவதுக்கு யோசிக்கவே வேணாம். மிச்சம் ஒருத்தன்தானே? "குட்டண்ணே!" அவனும் வந்தான், கொட்டாவி விட்டுக்கிட்டே.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ. இவன் என் ஆளு," பொறையன் தோளைப் பிடிச்சான் மாயாவி.

கொன்றை நாரைப் பார்த்தா. கழண்ட கறுப்பெல்லாம் அதுலதான் இருந்துச்சு. பிழிஞ்சா. அண்ணன் புருவத்துல அப்பினா. அவன் கண்ணைச் சிமிட்டினான், ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணாவது தடவை...

"கொன்றை? வீட்டுல சோறு இருக்கா?"

அவ்வளவுதான், மந்திரம் அறுந்துச்சு. மாயாவி சுருங்கிச் சுருங்கி ஒரு காசா ஆனான். பளபளன்னு, முகமே இல்லாத காசு. உருண்டு சுனைக்குள்ள போயிட்டான். எந்தப் பேர் சொல்லி யார் கூப்பிடுவாங்க?

பொறையன் தழும்பு கொஞ்சம் இடம் மாறி உக்காந்துச்சு. ஒரே ஒரு மழைக்காலம் மட்டும் அவன் ஞாபகத்துக்குத் திரும்பவே இல்ல. "அந்த மழையில நாம என்ன பண்ணோம்?"னு கேட்பான். கொன்றை சொல்லுவா. மறுபடி கேட்பான். மறுபடி சொல்லுவா.

விஷயம் கேட்ட ராஜா அவளுக்கு ஒரு வெள்ளித்தட்டு கொடுத்தார். அதை அவ தேய்க்கவே இல்ல. தட்டு கறுத்துச்சு, நாலு பேர் வயிறும் நிறைஞ்சுது, நானும் வாயை மூடிக்கிறேன்.