சைபர் போகும் பாதை

அரைக்காணிப்பட்டி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இந்தா, இங்கதான்" என்று காலடியைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பொய் தெரியாத ஜனங்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள கோளாறு அது ஒன்றுதான்.

அந்த ஊர் மாசானமுத்துவுக்கு அவனுடைய மாமனார் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். பிளேயர் ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர் இரண்டு. மாமனார் ஆறுமுகநயினாரும் அரைக்காணிப்பட்டியில் பிறந்தவர்தான். பிழைப்புக்காகத் தென்காசிக்குப் போனவர். கொடுத்த கையோடு ஒரு குண்டையும் போட்டார்.

"வெள்ளிக்கெழம வருவேன் மாப்ளே. பெட்டி பாடணும். பாடலைன்னா தூக்கிட்டுப் போயி சின்ன மாப்ளைக்குக் குடுத்துருவேன்."

சின்ன மாப்பிள்ளை என்றால் மாசானமுத்துவின் சகலை. போன வருஷம் கிரைண்டரும் இப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனது. இந்தப் பெட்டியும் போய்விட்டால் பெண்டாட்டி இசக்கியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்க்கிற டிஜிட்டல் கோஆக்சியல் கேபிள் மட்டும் பெட்டியோடு வரவில்லை. "கடையில காதால கேட்டுப் பாத்து நல்லதா வாங்குங்க" என்று மாமனார் சொல்லியிருந்தார். மாசானமுத்து கைவேலைக்குக் கொம்பையாவையும் யோசனைக்குச் சுடலைக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். சுடலைக்கண்ணு யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஊரில் அதற்கென்றே அவனுக்குத் தனி மரியாதை.

கடைக்காரர் கேபிள்களை எடுத்துப் பரப்பினார். மூன்று பேரும் ஆளுக்கொன்றை எடுத்து நுனியைக் காதுக்குள் செருகிக்கொண்டார்கள்.

"என்ன அண்ணாச்சி செய்யுதீங்க?"

"கேட்டுப் பாக்கோம். ஒண்ணுகூட வாயத் தொறக்க மாட்டேங்குதே" என்றான் மாசானமுத்து.

"எதுலயாவது மாட்டுனாத்தான் அண்ணாச்சி சத்தம் வரும்."

"காதுலதான மாட்டிருக்கோம்" என்றான் கொம்பையா.

கடைக்காரர் பொறுமைசாலி. விளக்கிச் சொன்னார். "அண்ணாச்சி, இது டிஜிட்டல். இதுக்குள்ள பாட்டு பாட்டாப் போகாது. ஒண்ணு, சைபர், ஒண்ணு, சைபர்னு நம்பராத்தான் போகும். அந்தப் பக்கம் போயித்தான் பாட்டாகும். ரொம்ப ஒசத்தியா எதுவும் வேண்டாம், சாதாரணமே போதும்."

சுடலைக்கண்ணு கண்ணை மூடினான். மற்ற இருவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

"ஒண்ணு போயிரும்லே, அது ஒல்லி. சைபருதான் இடிக்குது. அது குண்டுல்லா? இந்த வயருக்குள்ள எப்படி நுழையும்?"

"படுக்கப் போட்டுத் தள்ளுனா?" என்று கேட்டான் கொம்பையா.

"ஒண்ணு படுத்தா கோடு. சைபர் படுத்தாலும் சைபருதாம்லே."

மாசானமுத்துவின் கண்முன் சகலை வீட்டுக் கிரைண்டர் சுற்றியது. "இருக்கதுலயே தடியா ஒண்ணு குடுங்க" என்றான். கடைக்காரர் கன்னங்கரேலென்று ஒரு தடியன் கேபிளைக் கொடுத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வளைக்காம மடிக்காமக் கொண்டு போங்க" என்றும் சொல்லித் தொலைத்தார்.

கொம்பையா ஒரு நுனியையும் சுடலைக்கண்ணு மறு நுனியையும் பிடிக்க, நடுவில் மாசானமுத்து கேபிளின் வயிற்றைத் தாங்கினான். பஸ்ஸிலும் அப்படியே நின்றார்கள். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் குனிந்து குனிந்து டிக்கெட் கொடுத்தார். ஊருக்குள் வந்ததும்தான் சிக்கல். மாசானமுத்துவின் வீட்டுக்கு முடுக்குச் சந்தில் திரும்ப வேண்டும். திரும்பினால் கேபிள் வளையும். அதனால் எதிரே இருந்த உலகம்மை வீட்டு முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். நடுவீட்டில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கேபிள் அவர்கள் தலைக்கு மேலே போனது.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க, எந்திரிக்க வேண்டாம்" என்றான் மாசானமுத்து. மரியாதை தெரிந்தவன்.

வீட்டுக்கு வந்ததும் கொம்பையா நுனியில் இருந்த பிளக் கொண்டையைக் கழற்றி உள்ளே ஒற்றைக்கண்ணால் பார்த்தான். "அடைச்சிருக்குலே!" என்று அலறினான். உண்மைதான். உள்ளே வெள்ளையாக ஏதோ இருந்தது, அதற்கும் நடுவே செம்புக்கம்பி.

"ஏமாத்திட்டானே! பாதைக்குள்ள கம்பியத் திணிச்சு வித்துருக்கான். இதுல ஒண்ணே போகாது, சைபர் எங்க போக?" என்றான் மாசானமுத்து.

ஒருவன் கருப்புத் தோலைப் பிடித்துக்கொள்ள, மற்ற இருவரும் தேர்வடம் இழுப்பதுபோல் இழுத்தார்கள். கம்பியும் வெள்ளையும் உருவிக்கொண்டு வந்து விழுந்தன. கொம்பையா வெறும் தோலுக்குள் ஊதிப் பார்த்தான். காற்று தாராளமாகப் போனது. பாசிப்பயறு ஒன்றைப் போட்டுச் சாய்த்தார்கள். மறுபக்கம் வந்து விழுந்தது.

"பயறே போகுது. சைபர் போகாதா?" என்றான் சுடலைக்கண்ணு. கொண்டைகளை நூலால் கட்டி மாட்டினார்கள். மாசானமுத்துவுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை மாமனார் வந்தார். குளித்து, விபூதி பூசி, ஸ்பீக்கருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாசானமுத்து பட்டனை அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது, பிளேயருக்குள் சி.டி. தட்டு சுற்றியது. வீடு நிசப்தமாக இருந்தது.

"என்ன மாப்ளே, பாட்டக் காணோம்?" மாமனார் எழுந்து ஸ்பீக்கர்மேல் கையை வைத்தார். இசக்கியம்மாள் அடுப்படியிலிருந்து மாசானமுத்துவை ஒரு பார்வை பார்த்தாள்.

சுடலைக்கண்ணு கண்ணை மூடினான். "மாமா, இப்ப எவ்வளவு சத்தம் கேக்குது?"

"எங்க கேக்குது? சைபர்!"

"ஆங்! அப்ப சைபர் வந்து சேந்துட்டு. அதுக்குத்தான பாதைய அகலப்படுத்துனோம்? ஒண்ணுதான் இன்னும் வரல."

"ஒல்லிப்பய மொதல்ல வரணும்லா?" என்று கேட்டான் கொம்பையா.

"பெரிய பாதையில ஒல்லிப்பயலுக்கு என்ன அவசரம்? வேடிக்க பாத்துட்டு வருவான்."

மாமனார் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தார். பிறந்த மண் சும்மா விடுமா? "பாதிப் பாட்டு வந்துட்டுன்னு சொல்லு. மிச்சம் வழியில இருக்கும்போது பெட்டியத் தூக்கிட்டுப் போனா, அது வந்து யாரத் தேடும்? இருந்து கேட்டுட்டே போறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். மாசானமுத்துவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெட்டி தப்பியது.

அது தீபாவளிக்கு முந்தி. இப்போது சித்திரையும் வந்துவிட்டது. ஆறுமுகநயினார் இன்னும் ஸ்பீக்கருக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். தினமும் காப்பி குடிக்கும்போது, "மாப்ளே, ஒண்ணு வந்துச்சா?" என்று கேட்பார். "இல்ல மாமா, சைபர்தான்" என்பான் மாசானமுத்து.

போன வாரம் சகலை வந்தான். பெரிய மாப்பிள்ளை வீட்டில் மட்டும் சைபர் வந்து குவிகிறதே என்று அவனுக்குப் பொறாமை. "நம்மகிட்டதான் நெறைய கெடக்கே, அவருக்கும் கொஞ்சம் குடுங்க மாப்ளே" என்றார் மாமனார். மாசானமுத்து பெரிய மனசு பண்ணி ஸ்பீக்கர் வாயில் சாக்கைப் பிடித்து நிரப்பிக் கொடுத்தான்.

சகலை சாக்குக்குள் எட்டிப் பார்த்தான். "எண்ணிப் பாத்துக்கிடட்டுமா?"

"அந்தத் தப்ப மட்டும் பண்ணிராதீங்க" என்றான் சுடலைக்கண்ணு, கண்ணைத் திறக்காமலே. "கூட்டுனா எல்லாஞ் சேந்து ஒரே சைபராப் போயிரும்."

சகலை பதறிப்போய்ச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினான்.