நாலாவது தோள்

பூவராக ராசா நல்லவர்தான். ஆனால் ஒரு விஷயத்தை ஓலையில் எழுதிவிட்டால் அது தானாக நடந்துவிடும் என்று நம்புகிறவர். அப்படித்தான் ஒரு நாள் எழுதினார். அரண்மனை வேலையில் இருக்கும்போது செத்தவனுடைய பெண்சாதிக்கு மாதம் ஆறு மரக்கால் நெல். கை, கால், கண் போனவனுக்கு நாலு மரக்கால். எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட்டார்.

அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை கணக்கதிகாரி சம்புலிங்கத்திடம் வந்தது. எதையும் தான் கண்ணால் பார்த்து ஒப்பம் வைத்தால்தான் நெல் என்று அவர் அந்த ஓலைக்குக் கீழே நாலு வரி சேர்த்தார். கண் போன காவல்காரன் ஒருத்தன் வருஷா வருஷம் வந்து, கண் திரும்பி வரவில்லை என்று காட்டிவிட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் சம்புலிங்கம் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நெல் கொடுத்தார்.

ஆடி வெள்ளத்தில் ஒரு அரண்மனைப் பல்லக்கை அக்கரையிலிருந்து கொண்டு வந்தார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். மூன்று பேர் கரை ஏறினார்கள். நாலாவது ஆள் கருத்திருமன். தேடியும் கிடைக்கவில்லை.

அவன் பெண்சாதி பூவாயி இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகக் கணக்கதிகாரி முன்னால் வந்து நின்றாள்.

"உடம்பு எங்கே?" என்றார் சம்புலிங்கம்.

"ஆத்தோட போயிருச்சுங்க எசமான்."

"உடம்பைப் பார்த்து நான் ஒப்பம் வைக்கணும். பார்க்காமல் வைக்க முடியாது. சட்டப்படி உன் புருஷன் உயிரோடு இருக்கிறான். நீ சுமங்கலி. போய் நல்லாப் பொட்டு வைத்துக்கொள்."

"பொட்டு வெச்சா நெல்லு வருங்களா?"

"வராது. அவன்தான் சாகவில்லையே."

இடுப்பில் இருந்த குழந்தை அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. வீட்டில் இன்னும் இரண்டு வேளைக்குத்தான் கேப்பை மாவு இருந்தது. ஐப்பசி வரைக்கும் அவள் எட்டுத் தடவை நடந்தாள். எட்டுத் தடவையும் அவள் புருஷன் உயிரோடுதான் இருந்தான்.

ஒன்பதாவது தடவை வாசலில் வெள்ளியம்பலம் நின்றுகொண்டிருந்தார். ராசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கென்றே இருக்கிறவர். விஷயத்தைக் கேட்டார். "நாளைக்கும் வா தாயி" என்றார்.

அன்றைக்குச் சபையில் எழுந்து நின்றார்.

"மகாராசா, பல்லக்குத் தூக்கும் போகி கருத்திருமன் மூணு மாசமாக வேலை செய்யவில்லை."

"ஏன்? செத்துவிட்டானா?"

"இல்லை. உயிரோடு இருக்கிறதாகக் கணக்கதிகாரி எட்டுத் தடவை சொல்லியிருக்கிறார்."

ராசா திரும்பினார். சம்புலிங்கம், "ஆமாம் மகாராசா, ஓலைப்படி இருக்கிறான்" என்றார்.

"இருக்கிறவனைச் சும்மா விடலாமா?" என்றார் வெள்ளியம்பலம். "கணக்கதிகாரி பல்லக்கில் பின்பக்கம் வலது தோளுக்கு அவனைப் போட்டுவிடலாம். அங்கே இருக்கிற ஆளை யானைக் கொட்டாரத்துக்குக் கேட்கிறார்கள்."

"போடு" என்றார் ராசா.

சம்புலிங்கம் வாயைத் திறந்தார். அவன் செத்துவிட்டான் என்று சொன்னால் ஆறு மரக்கால். மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சம்புலிங்கத்தின் வீட்டு வாசலில் பல்லக்கு நின்றது. முன்னால் இரண்டு பேர். பின்னால் ஒருத்தன்.

"நாலாவது ஆள் எங்கேடா?"

"பட்டியல்ல இருக்கானுங்க எசமான்."

"வேற ஒருத்தனைக் கூப்பிடு."

"இடம் காலியா இருந்தாத்தானுங்களே வேற ஆள் போட முடியும்?"

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பல்லக்கு மரியாதை உள்ளவர் சபைக்கு நடந்து வந்தால், அன்றோடு அந்த மரியாதை போய்விடும். பதினெட்டு வருஷம் காத்திருந்து வாங்கிய மரியாதை. சம்புலிங்கம் ஏறி உட்கார்ந்தார். இடது பக்கமாகவே ஒட்டி உட்கார்ந்தார்.

முதல் தெரு தாண்டியது. கடைத்தெருத் திருப்பத்தில் வலது மூலை கீழே போனது. அதிகாரியும் போனார்.

"எசமான்!" என்று காய்க்காரம்மா கத்தினாள். "கத்திரிக்காய் வேணும்னா கேட்டு வாங்கக் கூடாதுங்களா? மேலேயேவா உக்காருவீங்க?"

சபைக்குள் அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வேட்டியில் கத்திரிக்காய் விதை ஒட்டியிருந்தது. பூவாயி ஒரு ஓரமாக நின்றாள்.

"மகாராசா, என் இடுப்பு போச்சு!"

"அடடா, யாரால் வந்தது?" என்றார் ராசா.

"வேறு யார்? கருத்திருமன்தான்" என்றார் வெள்ளியம்பலம். "வேலைக்கு வரவில்லை. எவ்வளவு திமிர்! பிடித்து வரச் சொல்லி இருபது கசையடி கொடுக்கணும். கணக்கதிகாரி ஐயா, ஆள் எங்கே இருப்பான்? சொல்லுங்கள், ஆள் அனுப்புகிறேன்."

"செத்தவனை எங்கே ஐயா போய்ப் பிடிப்பது?"



"யார் செத்தது?" என்றார் வெள்ளியம்பலம்.

"கருத்திருமன்தான்! ஆடி வெள்ளத்திலேயே செத்துவிட்டான்! ஊருக்கே தெரியும்!"

"எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. ஆடி என்றுதானே சொன்னீர்கள்? எழுத்தரே, ஆடியிலிருந்து என்று எழுதும்."

ராசா தாடையைத் தடவினார். "இருந்தாலும் வெள்ளியம்பலம், கணக்கதிகாரி பார்த்து ஒப்பம் வைக்கணும் என்று ஓலையில் இருக்கிறதே. உடம்பை இவர் பார்க்கவில்லையே?"

"உடம்பைப் பார்க்கவில்லை மகாராசா. ஆனால் அவன் இல்லாததைப் பார்த்தார். கடைத்தெரு நடுவில், பட்டப்பகலில், இடுப்பு ஒடியப் பார்த்தார். இந்த ராச்சியத்தில் வேறு யார் அவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்?"

ராசா முதலில் இருமினார். பிறகுதான் அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, தன் கைக் காப்பைக் கழற்றி வெள்ளியம்பலத்திடம் போட்டார். ஓலையில் கீழே இருந்த நாலு வரியையும் சுரண்டச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் பூவாயிக்கு ஆடியிலிருந்து சேர வேண்டிய நெல்லை அளந்து போட்டார்கள். கணக்கதிகாரி உட்கார முடியாததால், நின்றுகொண்டே ஒப்பம் வைத்தார்.