கீ ஷேங்கின் பெருமூச்சு

அந்தக் காலத்தில், சின் மலைகளில் பன்றி பேசும், மாடு பேசும், மூங்கில்கூடப் பேசும். எல்லாம் பேசின என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அத்தனைக்கும் பதில் சொன்ன கீ ஷேங்கைக் கேட்டால் தெரியும்.

அவளுடைய கைக்குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். மருந்து கொடுத்த பூசாரி, இன்று தூங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புல்லாங்குழல் கேட்டால்தான் அந்தக் குழந்தை தூங்கும்.

கீ ஷேங் மூங்கில் குழலை வாயில் வைத்து ஊதினாள். குழந்தையின் இமை மெல்ல இறங்கியது. உடனே கால் நட்டு உயர்த்திக் கட்டிய வீட்டுக்கு அடியில் கிடந்த பன்றி, தவிட்டில் ஏன் இவ்வளவு தண்ணீர் என்று கேட்டது. குழலை எடுத்துவிட்டு அதைத் திட்டினாள். குழந்தை விழித்துக்கொண்டது. மறுபடி ஊதினாள். காட்டில் மேயப் போயிருந்த மிதுன் மாடு வாசலில் வந்து நின்று, எனக்கு உப்பு எங்கே என்றது. அதற்கும் திட்டு விழுந்தது. சேவலோ, இப்போது கூவட்டுமா, பிறகு கூவட்டுமா என்று யோசனை கேட்டது. சேவலாகப் பிறந்துவிட்டு இதுகூடவா தெரியாது?

மூலையில் அவள் கணவன் லிங் ஓம், தினைக் கள்ளுப் பானையில் நாணல் குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமாம்.

"உனக்குக் கை இல்லையா?" என்று அவள் கத்திய கத்தலில் குழந்தை வீறிட்டது.

மீண்டும் ஊதினால் குழல் கிறீச்சிட்டது. "என்மேல் குற்றமில்லை. உன் வாயிலிருந்து வருகிற காற்று கொதிக்கிறது. இதில் தாலாட்டு வராது" என்றது குழல்.

அதுவும் புத்தி சொல்ல வந்துவிட்டது. அதைத் திட்ட வாயைத் திறந்தபோதுதான் குழந்தையின் அழுகை மெலிந்துகொண்டே போவதைக் கவனித்தாள். அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். பன்றி கூப்பிட்டது, பேசவில்லை. மாடு கூப்பிட்டது, பேசவில்லை. லிங் ஓம் கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டாமல் அடக்கியதெல்லாம் மூக்கு வழியாக ஒரு பெருமூச்சாக வந்து, கையிலிருந்த குழலின் துளையில் விழுந்தது. மெல்லிய, குளிர்ந்த ஓர் இசை எழுந்தது.

"இதுதான். இன்னும் கொஞ்சம் விடு" என்றது குழல்.

பெருமூச்சுக்கா அவளிடம் பஞ்சம்? ஒரு நாசியை விரலால் அடைத்துக்கொண்டு மறு நாசியால் ஊதினாள். பன்றி கேள்வியை மறந்து படுத்தது. லிங் ஓமின் வாயிலிருந்து நாணல் நழுவியது. குழந்தை தூங்கியது. விடியும்போது அதன் நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது. அவள் ஓசை வராமல் அழுதாள்.

அன்று முதல்தான் அந்த மலைப் பெண்கள் புல்லாங்குழலை மூக்கால் ஊதுகிறார்கள்; வாய்க்குத்தான் வீட்டில் வேறு வேலை இருக்கிறதே.